கடை வேறு, கடைக்காரர் வேறு



தொழில் நடத்துவதில் கணக்குக்கு என்ன பங்கு என்பதைப் பற்றி இந்தக் கல்லூரியின் அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசச் சொன்னார்கள். கடல் போன்ற தலைப்பு. ஒரு மணி நேரத்தில் இதை நீந்திக் கடக்க நினைப்பது வீண். நான் ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வரப்போகிறேன். கடை வேறு, கடைக்காரர் வேறு. கணக்குப் புத்தகம் என்று ஒன்று இருப்பதே இந்த இரண்டையும் பிரித்து வைக்கத்தான். லாபம் பார்ப்பது, வரி கட்டுவது, வங்கிக் கடன் வாங்குவது எல்லாம் இந்தப் பிரிவினைக்குப் பிறகு வருகிறவை.

தணிக்கையாளன் என்ற முறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவாருங்க" என்பது. அடுத்த இடம், "கணக்கெல்லாம் மனசுலயே இருக்குதுங்க" என்பதற்கு. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மனதில் இருப்பதை ஆடிட்டர் எப்படிப் பார்ப்பார் என்று அவரும் யோசித்ததில்லை, நானும் கேட்டதில்லை. மரியாதைக்காகத்தான்.

கடையையும் கடைக்காரரையும் நம் நாட்டில் யாராவது உண்மையாகவே பிரித்து வைத்தார்களா என்று கேட்டால், கைகாட்ட நமக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நகரத்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அவர்கள் பர்மா, இலங்கை, மலாயா, சைகோன், சுமத்ரா என்று போய்க் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். முதலாளி இருப்பது தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ. பணம் இருப்பது ஐராவதி டெல்டாவின் நெல் வயலில். நடுவே கடல். தொலைபேசி கிடையாது. கடிதம் கப்பலில் வர வேண்டும். அங்கே கடையை நடத்துகிறவர் சம்பளத்துக்கும் லாபப் பங்குக்கும் அமர்த்தப்பட்ட ஏஜெண்டு, அதாவது மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அடுத்தாளுக்குக் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு. அது முடிந்ததும் ஊர் திரும்புவார், வேறொருவர் போவார்.

முதலாளி ஒருநாள்கூடக் கல்லாவில் உட்காராமல் ஒரு கடை இப்படி நடக்க வேண்டுமென்றால், அந்தக் கடை தன்னைப் பற்றித் தானே எழுதிச் சொல்ல வேண்டும். அன்றாடம் நடந்தது சிட்டையில் ஏறும். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். முதலாளி பட்டாலையில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படிப்பார். யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது, வட்டி எவ்வளவு நிற்கிறது, மற்றவர்களிடம் வாங்கிய பணத்துக்கு எவ்வளவு வட்டி கொடுக்க வேண்டியிருக்கிறது, கையில் எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். மேலாளைப் பாராட்டிக் கடிதம் போவதும் கண்டித்துக் கடிதம் போவதும் அந்தத் தாளை வைத்துத்தான்.

அந்தப் பையன்கள் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்துவிட்டுக் கப்பலேறியவர்கள். முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மாகாணி என்றால் 16இல் ஒன்று என்று கீழ்வாயிலக்கம் தலைகீழ்ப் பாடம். மாத வட்டியை நாள் வட்டியாக்கிச் சொல்ல அவர்களுக்குத் தாளும் பென்சிலும் தேவைப்படவில்லை. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி என்ன என்று முடிவு செய்வார்கள். தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்ளும் பணத்துக்கு அதுதான் வட்டி. மாதா மாதம் மாறும் ஒரு விகிதத்தைப் பேரேட்டின் ஒவ்வொரு தலைப்புக்கும் பிசகாமல் போட்டு வைத்தவர்கள் அவர்கள். அத்தனையும் மனக்கணக்கு. இன்றைக்கு ஒரு சின்ன நிறுவனத்தில் ஓவர்டிராஃப்ட் வட்டியைச் சரிபார்க்கச் சொன்னால், "பேங்க் போட்டா சரியாத்தான் இருக்கும் சார்" என்கிறார்கள்.

அவர்களுடைய வீட்டு வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் மகனுக்குத் திருமணமான பிறகு "வேறு வைப்பது" என்று உண்டு. வீடு அதேதான், வளவு அதேதான். அடுப்பு மட்டும் தனி. ஆண்டுக்கு இவ்வளவு என்று தொகையும் சாமானும் ஒதுக்கிவிடுவார்கள். அதற்குள் அந்தத் தம்பதி குடும்பம் நடத்த வேண்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை வந்து பிரிந்ததாக இதற்கு அர்த்தம் இல்லை. கணக்குதான் பிரிந்தது, உறவு பிரியவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே அடுப்புக்கு அடுப்பு கணக்குப் பிரித்தவர்களுக்கு ரங்கூன் கடையின் பணத்தையும் தம் பணத்தையும் பிரித்துப் பார்ப்பது பெரிய காரியமாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

நம் மக்களுக்குக் கணக்கு எழுத வராது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொய் நோட்டைப் பாருங்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். யார், எந்த ஊர், எவ்வளவு, முன்னால் நாம் அவருக்குச் செய்தது எவ்வளவு என்று பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள். இப்போது அந்தப் பந்தலுக்கே கம்ப்யூட்டரும் ரசீது அச்சிடும் இயந்திரமும் வந்துவிட்டன. செய்த மொய் திரும்ப வராவிட்டால் உறவே அறுந்துபோகும். முப்பது வருடத்துக்கு முந்தைய மொய்யைத் தேதியோடு சொல்கிறவர், தம் கடையில் போன மாதம் யாருக்குக் கடனுக்குச் சரக்குப் போட்டோம் என்று தெரியாமல் முழிக்கிறார். மொய் நோட்டில் எதிராளி யார் என்பது தெளிவாக இருக்கிறது. சொந்தக் கடையில் எதிராளி யார் என்று அவருக்குப் புரிவதில்லை, அவ்வளவுதான்.

கடைதான் அந்த எதிராளி. முதலாளி கடையில் பணம் போட்டார் என்றால் கடை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். முதலை ஏன் பொறுப்புகள் பக்கம் போடுகிறோம், அது நம் பணம்தானே என்பார்கள். நம் பணம்தான், அதனால்தான் அது கடையின் கடன். லூக்கா பசியோலி என்ற இத்தாலியத் துறவி 1494இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதினார். அவர் கண்டுபிடித்தார் என்று நம் பாடநூல்களில் சில இன்னமும் சொல்கின்றன. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத்தான் அவர் எழுதிவைத்தார். வெனிஸிலும் நிலைமை இதுவேதான். பங்காளி ஒரு துறைமுகத்தில், சரக்கு இன்னொரு துறைமுகத்தில். ஆள் இல்லாத இடத்தில் கணக்கு வளர்ந்திருக்கிறது. ஆள் நாள் முழுக்கக் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது வளரவில்லை.

இனி திருப்பூருக்கு வருவோம். முப்பது பவர் டேபிள் போட்ட ஒரு தையல் யூனிட். சொந்தமாகத் துணி வாங்குவதில்லை. பெரிய கம்பெனி வெட்டிய துணியைக் கொடுக்கும், இவர் தைத்துக் கொடுப்பார். ஜாப் ஒர்க். மாதம் 12 லட்சம் ரூபாய்க்கு பில் போடுகிறார். கூலி 7.5 லட்சம். மின்சாரம், நூல், வண்டி, மேஸ்திரி, மெக்கானிக் எல்லாம் சேர்த்து 3.5 லட்சம். ஆகச் செலவு 11 லட்சம், மிச்சம் 1 லட்சம். இது யாருடைய கணக்கும் அல்ல. பேசுவதற்காக நான் போட்ட எண்கள். ஆனால் திருப்பூரில் யாரிடம் சொன்னாலும், "எங்க யூனிட் மாதிரியே இருக்குதுங்க" என்பார்கள்.

இரண்டு மாதம் போகிறது. புத்தகத்தில் 2 லட்சம் லாபம். அவர் என்னிடம் கேட்பார்:

"ஏனுங்க ஆடிட்டரே, ரெண்டு லட்சம் லாபம்னு எழுதியிருக்கறீங்க. நான் சனிக்கிழமை சம்பளம் போட வீட்டுல நகையை வெச்சிருக்கறனுங்க. அந்த ரெண்டு லட்சம் எங்கீங்க இருக்குது?"

கணக்கு முழுவதற்கும் இந்த ஒரு கேள்வி போதும். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் கணக்குப் படித்தவர்.

திருப்பூரில் கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. அதைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட்டால் திங்கட்கிழமை டேபிளில் ஆள் இருக்காது. பெரிய கம்பெனி பணம் தருவது பில் போட்டு 60 நாளில். முதல் மாதம் 11 லட்சம் கையிலிருந்து போய்விட்டது, வரவு இல்லை. இரண்டாம் மாதமும் 11 லட்சம் போகிறது, வரவு இல்லை. அதற்குள் முதல் மாத பில்லுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 60,000 ரூபாய், 20ஆம் தேதி கட்டியாக வேண்டும். உள்ளீட்டு வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். எதிர்க் கம்பெனி இன்னும் ஒரு பைசா தரவில்லை, ஆனாலும் வரி போய்விட்டது. ஆக, புத்தகம் 2 லட்சம் லாபம் என்று சொல்லும் அந்தத் தேதியில் அவர் கையிலிருந்து வெளியே போய் நிற்கும் பணம் 22 லட்சத்து 60 ஆயிரம். லாபம் பொய்யல்ல. அது எதிர்க் கம்பெனியின் வங்கிக் கணக்கில் இருக்கிறது.

இப்போது இன்னொரு கம்பெனி வந்து, "இதே அளவுக்கு எங்களுக்கும் தைத்துக் கொடுங்கள்" என்கிறது. ஊரெல்லாம், "அவனுக்கு நல்ல நேரம், பக்கத்துக் கட்டடத்தையும் பிடிச்சுட்டான்" என்று பேசும். கணக்குப்படி இன்னொரு 22 லட்சத்து 60 ஆயிரம் வெளியே போய் நிற்கப்போகிறது. கணக்கு எழுதாத யூனிட்டுகள் வேலை இல்லாமல் மூடியதைவிட, வேலை அதிகமாகி மூடியதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கேட்டால், "கண்ணு பட்டுருச்சுங்க" என்பார்கள்.

மாதம் 1 லட்சம் என்ற லாபத்தையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். யூனிட் இருப்பது அவருடைய சொந்தக் கட்டடம். வாடகைக்கு விட்டால் 30,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை அவரே நின்று பார்க்கிறார். வெளியாளை மேனேஜராகப் போட்டால் 40,000 தர வேண்டும். இந்த 70,000 எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைக் கழித்தால் யூனிட் சம்பாதிப்பது 30,000. அவர் மனைவி பீஸ் எண்ணி, டெலிவரி சலான் எழுதிக்கொடுக்கும் வேலைக்கு ஒரு கூலி போட்டால் அதுவும் கரையும். இப்போது எதிர்க் கம்பெனி பீஸுக்கு 50 பைசா குறைக்கச் சொல்லும்போது அவர் குறைப்பாரா? புத்தகத்தில் 1 லட்சம் என்று இருந்தால் குறைப்பார். 30,000 என்று இருந்தால் யோசிப்பார். கட்டடத்துக்கு வாடகையும் தனக்குச் சம்பளமும் எழுதிக்கொள்வதால் அவருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் வரப்போவதில்லை. பேரம் பேசும்போது எந்த இடத்தில் எழுந்துவிட வேண்டும் என்பது மட்டும் தெரியும். வரிச் சட்டம் சொந்த வாடகையைத் தனிநபருக்குச் செலவாக ஏற்காது. அதனால் இதை வரிக் கணக்கில் எழுத முடியாது, தனித் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். வரிக்கான கணக்கும் தொழிலுக்கான கணக்கும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் இந்த இடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

பாக்கி வசூலுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கேட்க நன்றாக இருக்கிறது. கேட்டுவிட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பது திருப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த 43பி(எச்) பிரிவு கொஞ்சம் வேறு மாதிரி. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதைக் காலத்தில் தராத கம்பெனி, தரும் வருடம்வரை அதைத் தன் செலவாகக் காட்ட முடியாது. சிறியவர் வழக்குப் போட வேண்டியதில்லை, பெரியவருடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுத்துவிடச் சொல்வார். இதனால் மார்ச் மாதத்தில் பணம் கொஞ்சம் வேகமாக இறங்குவதைப் பார்க்கிறேன். ஆனால் இதன் பலன் கிடைக்க சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும், பில் தேதி ஒழுங்காக இருக்க வேண்டும், எதிர்ப் பேரேட்டோடு பாக்கி ஒத்துப்போக வேண்டும். கணக்கு மனதில் இருந்தால் சட்டமும் மனதில்தான் இருக்கும்.

இன்னொரு பழக்கம், பாதி வேலையை பில் இல்லாமல் செய்வது. வரி மிச்சம் என்கிற நினைப்பு. நம் யூனிட்டையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 144 லட்சம் நடக்கிறது, 72 லட்சம் மட்டும் காட்டுகிறார். சிறு தொழிலுக்கு வங்கிகள் நடைமுறை மூலதனக் கடன் தருவது பெரும்பாலும் நாயக் கமிட்டி சொன்ன வழியில். ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை இவர் போட வேண்டும். 144 லட்சம் காட்டியிருந்தால் 28 லட்சத்து 80 ஆயிரம் கிடைத்திருக்கும், தேவைக்கு மேலேயே. 72 லட்சம் காட்டியதால் 14 லட்சத்து 40 ஆயிரம். தேவை 22 லட்சத்து 60 ஆயிரம். குறைகிற 8 லட்சத்து 20 ஆயிரத்தை மூன்று வட்டிக்கு வாங்குகிறார். மாதம் 24,600. வருடத்துக்கு 2 லட்சத்து 95 ஆயிரத்து 200. சரி, வருமான வரியில் மிச்சம் எவ்வளவு? அவருடைய ஆண்டு லாபம் 12 லட்சம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தனிநபருக்கு வரி இல்லை. மறைத்து மிச்சம் பிடித்தது சைபர், அதற்குக் கொடுத்த விலை கிட்டத்தட்ட 3 லட்சம். இந்தக் கணக்கை ஒருவரிடம் போட்டுக் காட்டியபோது அவர் நம்பவில்லை. கால்குலேட்டரை என் கையிலிருந்து வாங்கி மறுபடி போட்டுப் பார்த்தார்.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, 2 கோடிக்குள் விற்பனை உள்ளவர் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் புத்தகம் வேண்டாம் என்றது. வங்கி வழி வரும் பணத்துக்கு 6 சதவீதம் போதும். ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் வரம்பு 3 கோடி. சிறு வணிகருக்குத் தொல்லை குறையட்டும் என்று செய்தது, நல்ல நோக்கம்தான். ஆனால் சர்க்கார் கேட்கவில்லை என்றால் கணக்கே வேண்டாம் என்று நம்மவர் எடுத்துக்கொண்டார். பிறகு கடன் தேவைப்படும்போது, "லோனுக்கு ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டுக் குடுங்க சார்" என்று வருகிறார். வரிக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. 2019 முதல் நாங்கள் கையெழுத்திடும் தாள் ஒவ்வொன்றுக்கும் யூடிஐஎன் என்ற எண் போட வேண்டியிருப்பதாலும், வங்கி ஜிஎஸ்டி படிவத்தை எடுத்து ஒத்துப் பார்ப்பதாலும் இந்த இரட்டை வேடம் முன்போல எடுபடுவதில்லை. எங்கள் தொழிலில் சிலர் இந்த வேடத்துக்கு ஒப்பனை செய்தவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கடையையும் கடைக்காரரையும் குழப்பும் புதிய சாமான் ஒன்று வந்திருக்கிறது. கல்லா மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை. அதை ஸ்கேன் செய்தால் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். கடையின் பெயர் வராது. அண்ணாச்சி பெயர் வரும், அல்லது கல்லூரியில் படிக்கும் மகன் பெயர் வரும். மகனுடைய சேமிப்புக் கணக்கில் மளிகைக் கடை விற்பனை விழுகிறது. அதிலேயே அவன் செல்போனுக்கு மாதத் தவணை போகிறது, அதிலேயே சரக்குக்காரருக்கும் பணம் போகிறது. முன்பாவது கல்லாப்பெட்டியில் கை விட்டு எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். இப்போது யாருக்கும் தெரியாது. கடைக்கென்று ஒரு நடப்புக் கணக்கு, அதற்கு ஒரு அட்டை. வீட்டுக்கு எடுப்பதை மாதத்தில் ஒரு தேதியில் ஒரு தொகையாக எடுத்துக்கொள்வது. நான் சொல்லும் சீர்திருத்தம் இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. செலவும் இல்லை. ஆனாலும் இதைச் செய்ய வைப்பதுதான் எனக்கு ஜிஎஸ்டியை விடக் கஷ்டமாக இருக்கிறது.

இவ்வளவு நேரம் கணக்கின் பெருமை பேசினேன். அதன் எல்லையையும் சொல்ல வேண்டும், அதற்கும் பர்மாவுக்கே போக வேண்டும்.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது, அங்கே நகரத்தார் தொழிலில் இருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி. பெரும்பகுதி விவசாயக் கடனாக வெளியே நின்றது. நெல் விலை இருந்தவரை எல்லாம் சரியாக நடந்தது. 1930இல் உலகச் சந்தை சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. பேரேட்டில் வட்டி ஏறிக்கொண்டே போனது, கையில் வரவில்லை. கடைசியில் அடமான நிலத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம், 1937-38 வாக்கில் 25 சதவீதமானது. வட்டிக்குப் பணம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, வேண்டாத நிலம் சொத்தாக வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் ஆத்திரமும் கூடவே வந்தது. அந்த ஆத்திரத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது பலர் கால்நடையாகவே இந்தியா திரும்பினார்கள். சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1963இல் வங்கிகளும் போயின.

பேரேட்டில் கூட்டல் பிழை இருந்திருக்காது. 1931ஆம் ஆண்டின் ஐந்தொகை பைசா சுத்தமாக ஒத்துப்போயிருக்கும். ஆனால் எதிராளியால் கட்ட முடியுமா, கட்டாவிட்டால் அந்த நிலத்தை யார் வாங்குவார்கள் என்று ஐந்தொகை சொல்லாது. வராக்கடன் என்று ஒதுக்கி எழுத மனசு வேண்டும். ஒதுக்கி எழுதினால் லாபம் குறையும், மேலாளின் லாபப் பங்கும் குறையும். எழுதுகிறவருக்கே நட்டம் வரும் பதிவை அவரே எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊரிலும் பலிக்காது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேலாள் மாறுவதில் இதற்கு ஒரு மருந்து இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. புதிதாக வருகிறவர் பழைய கடனைத் தம் தலையில் ஏற்றிக்கொள்ளும் முன் ஆளை நேரில் பார்ப்பார், நிலத்தைப் பார்ப்பார். ஆனால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விழும்போது அந்த மருந்தும் வேலை செய்யாது.

வராக்கடனாவது ஊகத்துக்கு உட்பட்டது. வங்கி இருப்பில் ஊகம் ஏது? 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். புத்தகத்தில் ரொக்கம், வங்கி இருப்பு என்று காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே எழுதினார். பன்னாட்டு நிறுவனம், அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது, பெரிய தணிக்கை நிறுவனத்தின் கையெழுத்து எல்லாம் இருந்தது. பதிவு இருந்தது, பதிவு காட்டிய பணம் இல்லை. மளிகைக் கடையில் இருட்டிய பிறகு கல்லாவைக் கவிழ்த்துப் பணத்தை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப் பார்க்கிறார்களே, அந்த வேலையை அங்கே யாரும் செய்யவில்லை.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், ஒரு பதிவை யார் எப்போது திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்லது. ஆனால் முதலிலேயே பொய்யாக எழுதியதை அது காட்டிக்கொடுக்காது. பணத்தை வைத்திருப்பவர் பேரேட்டை எழுதக் கூடாது, சரக்கை வைத்திருப்பவர் அதை எண்ணக் கூடாது என்ற பழைய ஏற்பாட்டுக்கு இன்னும் மாற்று வரவில்லை. நான்கு பேர் வேலை செய்யும் கடையில் இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். முடியும். எழுதுகிறவர் ஒருவர், வாரத்தில் ஒருநாள் எண்ணிப் பார்க்கிறவர் வேறொருவர். அந்த வேறொருவர் முதலாளியின் மனைவியாகவோ மகளாகவோ இருந்தால் இன்னும் நல்லது. பல வீடுகளில் மொய் நோட்டு அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

கடைசியாக இந்தக் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். இங்கே வணிகவியல் படிப்பவர்களுக்குப் பேரேடு தெரியும், இருப்பாய்வு தெரியும், தேய்மானம் போடத் தெரியும். ராமன், கிருஷ்ணன் என்று பாடநூலில் வரும் வணிகர்களின் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த ராமனும் கிருஷ்ணனும் கடனுக்கு வாங்கிவிட்டுத் திரும்பி வராமல் இருந்ததில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் இந்த ஊரில் ஒரு கடை கொடுங்கள். டீக்கடையானாலும் சரி, லேத் பட்டறையானாலும் சரி, தையல் யூனிட்டானாலும் சரி. ஒரு வருடம் அந்தக் கடையின் சிட்டையை அவர் எழுத வேண்டும். மதிப்பெண்ணை உள்மதிப்பீட்டில் வைத்துக்கொள்ளலாம். மென்பொருளில் எழுதட்டும், நோட்டில் எழுதட்டும், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாதம் முடிந்ததும் அந்த மாணவர் கடைக்காரரிடம் மூன்று தாள் கொடுக்க வேண்டும். முதல் தாளில் யார் யார் நமக்குத் தர வேண்டும், எத்தனை நாளாக நிற்கிறது என்பது. இரண்டாவதில் அடுத்த முப்பது நாளில் நாம் யார் யாருக்கு, எந்தத் தேதியில் தர வேண்டும் என்பது. மூன்றாவதில், இந்த மாதம் கடைக்காரர் தமக்கும் வீட்டுக்குமாகக் கடையிலிருந்து எடுத்தது எவ்வளவு என்பது. மாணவ நண்பர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். முதல் மாதமே மூன்றாவது தாளை நீட்டாதீர்கள், சண்டை வரும். முதல் தாளை வைத்து ஒரு பழைய பாக்கியையாவது வசூல் செய்ய வழி காட்டுங்கள். அந்தப் பணம் கைக்கு வந்த மாதத்தில் மூன்றாவது தாளைக் கொடுங்கள். அப்போது வாங்கிப் படிப்பார்.